மன்னார்க் கரையில் ஓர் எண்ணிக்கை

நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவிலே வாழ்ந்துகொண்டு கடலைக் காணாத மனிதரும் உளரோ என்று சிலர் வியக்கக்கூடும். உளர். ஹட்டனில், கடல்மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேலே, எமது வகுப்பறையில் அவர்களை நாம் அன்றாடம் சந்திக்கிறோம்.

ஐந்திணை ஒழுக்கத்தைப் பாடஞ் சொல்லும்போது குறிஞ்சியை விளக்குவதற்கு நாம் அதிகம் பாடுபட வேண்டியதில்லை. சாளரத்தைத் திறந்துவிட்டாற் போதும். மலையும் மூடுபனியும் தாமாகவே உள்ளே வந்துவிடும். நெய்தலுக்கு வந்ததும் சுண்ணக்கட்டியைத் தேடுவோம். பலகையில் நீளமாக ஒரு கோடு கடல். அதற்கு இப்புறம் ஒரு மேடு, அது மணற்கரை. மேட்டுக்குப் பின்னே ஒரு வளைகோடு, அது கழி. இப்படிப் பல ஆண்டுகளாக வரைந்து வந்தோம். ஒருநாள் பத்தாந் தரத்து மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், அவ்வளவு பெரிய கடல் பக்கத்திலேயே இருக்கும்போது, பின்னால இன்னொரு தண்ணி எதுக்கு?” என்று கேட்டாள். எமக்கு விடை தெரியவில்லை. கழி என்றால் உப்பங்கழி என்று அருஞ்சொற்பொருள் கூறி மழுப்பினோம்.

அன்று வகுப்பை எண்ணிப் பார்த்தோம். 32 மாணாக்கரில் கடலைக் கண்டவர் ஐவர். பேராதனையில் நெய்தற் பாடல்களைப் பாடங் கேட்டுப் பட்டமும் பெற்றுவந்த நாமோ ஒரு களப்பின் கரையில் அரைநாள் நின்றதில்லை. பார்க்காத ஆசிரியர் பார்க்காத மாணாக்கருக்குக் கடலைக் கற்பித்துக்கொண்டிருந்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

பயணம் போவதென்று முடிவாயிற்று. காலிமுகத்திடல் போதாதா என்று பெற்றோர் சிலர் கேட்டனர். செலவைக் கருதியே அவ்வாறு கேட்டனர். தோட்டத்து நாட்சம்பளத்தில் பிள்ளையின் பயணத்துக்கென்று ஒதுக்க என்ன மிஞ்சும் என்பதை அறிந்தவர் அவர்களைக் குறைசொல்லார். ஆனால் நாம் மன்னாரையே விரும்பினோம். அங்கே மணற்கரையும் உண்டு, களப்பும் உண்டு. அவற்றோடு இன்னொன்றும் உண்டு. மலையகத்து மனிதர் பலரின் குடும்பக் கதை இலங்கை மண்ணில் முதலடி வைத்த இடம் அந்தக் கரைதான். ஆசிரியர் சிலர் கைகொடுத்தனர். 2025 பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு பஸ் புறப்பட்டது.

கண்டி, மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி என்று பஸ் வடக்கே ஓடியது. பிள்ளைகள் முதலிற் பாடினர், பிறகு உறங்கினர். எமக்கு உறக்கம் வரவில்லை. 1820களில் கோப்பித் தோட்டங்கள் தோன்றிய காலந்தொட்டுத் தமிழகத்து வறட்சியாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் துரத்தப்பட்டு வந்தவர்கள் இதே வழியை எதிர்த்திசையில் நடந்து கடந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டையும் வறண்ட நிலத்தையும் ஊடறுத்து, மாத்தளை வரையில் நடை. வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழிநெடுக அவர்களைப் பிடித்துக்கொண்டன. 1840களில் வந்தவருள் எழுபதினாயிரம் பேர் மாண்டிருப்பர் என்று 1849இல் ‘கொழும்பு ஒப்சேவர்’ ஏடு மதிப்பிட்டது. தோட்டச் சொந்தக்காரர் அதை மறுத்தனர். வரலாற்றாசிரியர் இன்றும் விவாதிக்கின்றனர். விவாதிக்க வேண்டியிருப்பதன் காரணம் எளிது: சாலையோரம் விழுந்தவர்களுக்கு எவரும் ஏடு வைத்திருக்கவில்லை. நாம் ஒரே இரவில் கடந்த தூரத்தின் பெரும்பகுதியை, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலே தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவுற்ற நினைவு நடையில் எம்மவர் இரு வாரங்களுக்கு மேல் நடந்து கடந்தனர் என்பதும் நினைவுக்கு வந்தது.

விடியும் வேளையில் மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியில் பஸ் நின்றது. இருமருங்கிலும் தண்ணீர். தண்ணீர் என்பதினும் வானத்தின் வெளிச்சத்தை ஏந்திய சேறு என்பதே பொருந்தும். அச்சேற்றில் தொலைவிலே வெண்மையும் இளஞ்சிவப்புமாய் ஒரு நீண்ட கோடு தெரிந்தது. உப்புக் குவியல் என்றான் ஒருவன். அந்த உப்புக் குவியல் திடீரென எழுந்து பறந்தது! சிறகுகளின் உட்புறச் செம்மையும் கருமையும் ஒரே கணத்தில் விரிந்தன. பூநாரைகள். பஸ்ஸிலிருந்த அனைவரும் ஒருசேரக் கூவிய அந்தச் சத்தத்தை, எத்தனை நெய்தற் பாடல்களைப் படித்துக் காட்டியும் வகுப்பறையில் நாம் கேட்டதில்லை.

வங்காலைக்கருகே இறங்கினோம். பறவைகளைக் கணக்கெடுக்கப் பழகிய உள்ளூர் இளைஞர் ஒருவர் எம்மோடு வந்தார். இக்களப்பும் அதனைச் சூழ்ந்த உவர்ச் சதுப்பும் சேற்றுத் திடல்களுமாக 4,839 ஹெக்டேயர் பரப்பு 2008இல் வங்காலைச் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது என்றும், 2010இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் சாசனத்தின் பட்டியலில் இடம்பெற்றது என்றும் அவர் கூறினார். வலசைக் காலத்தில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட நீர்ப்பறவைகள் இங்கே கூடுகின்றன. ஊசிவால் வாத்துகளும் நாமத்தலை வாத்துகளும் கருவால் மூக்கன்களும் மத்திய ஆசியாவையும் சைபீரியாவையும் கடந்து வருகின்றன. பூநாரைகளோ குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்து வருவன என்று கருதுகின்றனர். மன்னாரிலே சிறு கருவி பொருத்திவிடப்பட்ட கடற்காகங்கள் ருஷ்யாவின் வடகோடியிலுள்ள யமால் தீபகற்பம் வரை பறந்து சென்றதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டறிந்திருக்கின்றனர்.

இந்த அகதிக் கூட்டத்துக்கு இச்சேற்றில் என்ன விருந்து? இளைஞர் ஒரு கை சேற்றை அள்ளிப் பிசைந்து காட்டினார். அதில் புழுக்கள் நெளிந்தன; கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சிறு சிப்பிகள். நிலம் தட்டையாக இருப்பதால் கடல் சற்றே வற்றினாலும் பெரும் பரப்புக்குச் சேறு வெளிப்படுகிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகிறது. மாசி பிறந்ததும் வெயில் அதனை வற்றச் செய்து உப்பேற்றுகிறது. இனிப்புக்கும் உப்புக்கும் இடையே மாறிக்கொண்டேயிருக்கும் இந்நீரில் பாசியும் நுண்ணிய இறால்வகையும் பெருகுகின்றன. பூநாரை தலையைக் கவிழ்த்து அலகால் வடித்து உண்பது அவற்றைத்தான். அதன் செந்நிறம் பிறவியில் வந்ததன்று. குஞ்சு சாம்பல் நிறமே. உண்ணும் உணவிலுள்ள நிறப்பொருளே நாளடைவில் இறகில் ஏறுகிறது.

“பின்னால இன்னொரு தண்ணி எதுக்கு என்று கேட்டாயல்லவா? இவரைக் கேள்” என்று அம்மாணவியிடம் கூறினோம். கடலின் மீனிலும் இறாலிலும் பலவற்றின் குஞ்சுகள் அலையில்லாத இந்தக் களப்பில்தான் வளர்கின்றன. கண்டல் வேர்களும் கடற்புல்லும் அவற்றுக்கு உணவும் மறைவிடமும் தருகின்றன. வளர்ந்தபின் அவை கடலுக்குப் போகின்றன என்று இளைஞர் விளக்கினார். சற்று யோசித்துவிட்டு அவள் சொன்னாள்: “அப்படின்னா இது மீனுக்குப் பிள்ளைக் காம்பரா.” தாய்மார் கொழுந்தெடுக்க மலையேறும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் தோட்டத்தில் அதுதானே! களப்புக்கு அதனிலும் தெளிவான உரை நாம் எந்த நூலிலும் படித்ததில்லை.

வெயில் ஏறுவதற்குள் மணற்கரைக்கு வந்தோம். களப்பின் அமைதிக்கு மறுபுறத்தில் அலை முழங்கிற்று. பிள்ளைகள் முதலில் ஓடவில்லை. காலணிகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வரிசையாக நின்றனர், பெரட்டுக் களத்தில் நிற்பதுபோல. ஒருவன் குனிந்து தண்ணீரை நாவில் வைத்துப் பார்த்தான். உப்பு என்று புத்தகத்திற் படித்ததை அவன் சரிபார்க்கிறான் என்று நினைத்தோம். அவன் முகம் மலர்ந்த பின்னரே வரிசை கலைந்தது.

சற்றுத் தொலைவில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தனர். இடுப்பிற் கயிற்றைக் கட்டிக்கொண்டு பின்னோக்கி நடக்கும் அம்மனிதர்களைப் பிள்ளைகள் பார்த்தபடி நின்றனர். அறுபது வயது கடந்த ஒருவர் கைகாட்டி அழைத்தார்.

“வாங்கோ பிள்ளையள், காலை மணலில நல்லா ஊண்டி இழுங்கோ. எவ்விடத்துப் பிள்ளையள்?”

“ஹட்டன், ஐயா.”

“தேயிலைப் பிள்ளையளே! உங்கட ஆக்கள் குடிக்கிற தேத்தண்ணிக்கு எங்கட கருவாடு, என்ன?” என்று சிரித்தார். ஹட்டன் சந்தையில் மன்னார்க் கருவாட்டை நாறுகிறது என்று மூக்கைப் பொத்தியவர்கள் அரைமணி நேரம் கயிறு இழுத்தனர். வலை கரையேறியபோது கூடைகள் முழுதும் நிரம்பவில்லை. சூடையும் சில காரல்களும் கிடந்தன. வலைக்காரருக்கு ஒரு பங்கு போக மிச்சந்தான் இழுத்தவர்களுக்குப் பிரிபடும் என்றார் முதியவர். மீன் படாத நாளில்? அன்றைக்கு இழுத்தது இழுத்ததுதான்.

“அரைப் பேர் மாதிரி” என்றான் ஒரு மாணவன் தாழ்ந்த குரலில். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் நாள் முழுதும் மலையில் நின்றவளுக்கும் அரைநாட் கூலியே எழுதப்படும். தோட்டத்து வழக்கில் அது அரைப் பேர். முழு மனுஷியை அரைப் பெயராக்கும் அக்கணக்கு அம்மாணவன் வீட்டில் அன்றாடப் பேச்சு. அதனால்தான் கடலில் முதன்முதலாகக் கால்வைத்த அன்றே கடல் தொழிலாளியின் கணக்கும் அவனுக்கு விளங்கிவிட்டது. ஒருமைப்பாடு என்பது குறித்து நாம் ஆற்றிய சொற்பொழிவுகளை எண்ணிச் சற்றே நாணினோம்.

பிற்பகல் தலைமன்னாருக்குப் புறப்படுமுன் அந்த முதியவர் இன்னொன்றும் சொன்னார். அவர் பிறந்த ஊர் தலைமன்னார். வங்காலைக்கு வந்தது கலியாணத்தோடு. “நான் சின்னப் பொடியனா இருக்கேக்க துறையடியில உங்கட சனம் பெட்டியளுக்கு மேல குந்தியிருந்து அழும். கப்பல் வாற மட்டும் அழும். அம்மா என்னட்டக் குடத்தில தண்ணி குடுத்து விடுவா.”

இதைக் கேட்ட அம்மாணவி அதன்பின் வழியில் ஒன்றும் பேசவில்லை. தலைமன்னாரில், பழைய இறங்குதுறையில் எஞ்சியிருந்த தூண்களையும் அப்பாலிருந்த வெளிச்சவீட்டையும் கண்டதும் எம்மிடம் வந்தாள். “சேர், அப்பாயி ஒண்ணு சொல்லி அனுப்பிச்சாங்க. துறையைப் பார்த்துட்டு வந்து எப்படி இருக்குன்னு சொல்லச் சொன்னாங்க. அவங்க அக்கா இங்கேதான் கப்பல் ஏறினாங்களாம். அப்பாயி ஹட்டன் ஸ்டேஷனோட நின்னுட்டாங்க.”

1914இல் புகையிரதமும் கப்பலும் இத்துறையில் இணைந்தபோது ஆட்களைக் கொண்டுவருவதற்கே பெரிதும் பயன்பட்டன. ஐம்பதாண்டு கழித்து அதே தண்டவாளம் ஆட்களைத் திருப்பி அனுப்பப் பயன்பட்டது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றோர் ஆக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால்பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டனர். 9,75,000 மனிதர் கணக்கிடப்பட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்றனர். 1974இல் அந்த மீதியும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாயிற்று. யாரைப் பிரித்தார்களோ அவர்களை எவரும் கேட்கவில்லை. ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதம் நிறைவதற்குள், 1964 டிசம்பரில், எதிர்க்கரையிலிருந்த தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்துக்குச் சென்றது. ‘இராமானுஜம்’ என்ற அக்கப்பலின் பெயர் மலையகத்து முதியோர் வாயில் இன்றும் உண்டு. அதற்கு ஆளேற்றிவந்த புகைவண்டியை எம் அப்பாயி ‘அழுகைக் கோச்சி’ என்றே சொல்வார். 1984இல் போரின் காரணமாகக் கப்பலும் நின்றது. எமது தந்தையாரின் பெயர் இருபுறமும் சேராத மீதிக் கணக்கிலேயே கிடந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் அவர் இந்நாட்டுப் பிரஜையானார். தந்தை பிரஜையான செய்தியைக் கேட்டபோது நாம் பாடசாலைச் சிறுவன்.

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று ஆண்டுதோறும் பலகையில் எழுதுகிறோம். அத்துறையில் நின்றபோது, எமது இலக்கணம் எமது வரலாற்றைவிட்டு எவ்வளவு தொலைவில் நடத்தப்படுகிறது என்பது புரிந்தது.

“சேர், காலையில அந்த அண்ணன் பறவையை எண்ணுறாங்கன்னு சொன்னாரே, எதுக்கு எண்ணுறாங்க?” என்று மாணவி கேட்டாள்.

உடனிருந்த இளைஞரே விடை கூறினார். ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நாடுகள் பலவற்றிலும் நீர்ப்பறவைகளை எண்ணுகின்றனர். கூட்டத்தைப் பத்துப் பத்தாகக் கண்ணாற் பகுத்து எண்ண வேண்டும். “எண்ணினால்தானே தங்கச்சி குறைஞ்சது தெரியும். குறைஞ்சது தெரிஞ்சால்தானே ஏன் எண்டு கேட்கலாம்” என்றார்.

“எங்க ஆட்களையும் எண்ணியிருக்காங்க. ஆனா ஏன்னு கேட்கிறதுக்கு எண்ணல” என்றாள் அவள்.

அன்று முழுவதும் நாம் தேடிக்கொண்டிருந்த வாக்கியம் அதுதான். செக்றோலில் பெயர் எழுதியது உழைப்பை அளப்பதற்கு. ஒப்பந்தத்தில் தொகை எழுதியது பங்கு பிரிப்பதற்கு. சாலையோரத்தில் விழுந்தவர்களை எழுதாதது எவர்க்கும் அவர்களால் இலாபமில்லை என்பதற்காக. பறவைகளுக்குக் கிடைத்திருக்கும் எண்ணிக்கையைக் கண்டு பொறாமைப்பட வேண்டியதில்லை. அது சரியான எண்ணிக்கை. ஓர் உயிர் குறைந்தால் காரணங் கேட்கும் அந்த முறை மனிதருக்கும் வேண்டும் என்பதே எமது வழக்கு.

இது பழங்கதை மட்டுமன்று. திரும்பும் வழியில் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் சுழலக் கண்டோம். 2020 முதல் இயங்கும் 100 மெகாவாற் மின்னிலையம் அது. மின்சாரம் வேண்டாமென்று லயத்து இருளை அறிந்த எவரும் சொல்லார். நிலக்கரிப் புகையினும் காற்று நன்றே. ஆயினும் பறவைகள் வந்திறங்கும் வழியில், வள்ளங்கள் ஒதுங்கும் கரையில், எங்கே எத்தனை நிறுத்துவது என்று அங்கே வாழ்பவரைக் கேட்டே தீர்மானிக்க வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் புதிய காற்றாலைகளையும் கனிய மணல் அகழ்வையும் எதிர்த்து மன்னார் மக்கள் நாள்கணக்கில் வீதியில் அமர்ந்திருந்த செய்தியைப் படித்தபோது, கரைவலை இழுத்த அம்முதியவரும் அங்கிருப்பார் என்று எமக்குத் தோன்றிற்று. தம்மைக் கேளாமல் தம் வாழ்வைத் தீர்மானிக்காதீர் என்பதே அவர்கள் கோரிக்கையின் சாரம். 1964இல் எம்மவர் சொல்ல விரும்பியதும் அதுவே.

ஞாயிறு நள்ளிரவில் ஹட்டன் வந்து சேர்ந்தோம். மறுவாரம் அம்மாணவியின் லயத்துக்குச் சென்றோம். அப்பாயி அடுப்படியில் இருந்தார். துறையில் எத்தனை தூண்கள் நிற்கின்றன என்பதை எண்ணி வந்து பேத்தி சொல்லியிருந்தாள். “கப்பல் இல்லையாமே சாமி” என்றார் எம்மிடம். பிறகு, எவரும் கேட்காமலே, அக்காவின் பெயரையும், அவர் போன மாதத்தையும், கொண்டுபோன பெட்டியின் நிறத்தையும் சொன்னார். அவர் சொன்னதையெல்லாம் பேத்தி ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டாள். எந்த ஊரிலிருந்து முன்னோர் வந்தனர், யார் வழியில் இறந்தார், யார் திரும்பிப் போனார், போனவரிடமிருந்து கடைசிக் கடிதம் எப்போது வந்தது என்று அதில் பத்திகள் பிரித்திருந்தாள். அந்த ஏற்பாட்டை நாம் சொல்லிக்கொடுக்கவில்லை.

இப்போது அந்தக் கொப்பி வகுப்பில் கைமாறிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் தன் லயத்து மூத்தவரிடம் கேட்டு எழுதுகிறது. இதுவரை 41 பெயர்கள் சேர்ந்துள்ளன. மலையகத்தில் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள் தத்தம் வகுப்பிலும் இப்படியொரு கொப்பியைத் தொடங்கலாம்; அதற்கு அனுமதியும் வேண்டா, நிதியும் வேண்டா. மூத்தவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர் என்பதை மட்டும் மறவாதிருப்போமாக.